வஜ்ரவேலை அடிக்க ஆள் இல்லை

அறுவடை முடிந்த வயல். அரிதாள் காலைக் குத்துகிறது. மேற்கே மலை உச்சியில் மேகம் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. வயலின் நடுவில் வஜ்ரவேல் நிற்கிறார். வேட்டி கிழிந்து, நெற்றியில் சாய ரத்தம் வழிய, தோளில் ஒரு பட்டுத் துண்டோடு. எதிர் வரப்பில் ஊர் ஜனம். ஆண்களும் பெண்களுமாக, கையில் கம்பும் உலக்கையும் விளக்குமாறும்.

காட்சி சுலபமானது. ஊரைப் பல காலம் ஆட்டிப்படைத்த கொடியவன் கடைசியில் ஊராரிடம் தனியாகச் சிக்கிக்கொள்கிறான். ஊர் திரண்டு வந்து அவனை அடித்துத் துவைக்க வேண்டும். படத்தின் உச்சக்கட்டமே இதுதான். சென்னையிலிருந்து துணை நடிகர்களைக் கூட்டிவராமல் உள்ளூர்க்காரர்களையே நடிக்க வைத்தால் உயிரோட்டமாக இருக்கும் என்று டைரக்டர் ஆசைப்பட்டார்.

“ஆக்‌ஷன்!”

ஜனம் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு கிளம்பியது. வரப்பு ஓரத்துக்கு வந்ததும் நின்றது. எல்லாரும் குனிந்து செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். அதற்குப் பிறகு வயலில் இறங்கி மறுபடியும் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

“கட்! கட்! யோவ், செருப்பை ஏன்யா கழட்டுறீங்க? கொலைவெறியோட ஓடி வர்றீங்கய்யா!”

முன்வரிசையில் நின்ற முண்டாசுப் பெரியவர் நிதானமாகப் பதில் சொன்னார். “கோவந்தாங்க. அதுக்காக? நெல்லு வெளஞ்ச மண்ணு. அதுலயும் மாப்பிள்ளையத் தொட்டு அடிக்கணும்ங்கிறீக. செருப்போட எப்பிடிங்க போறது?”

அடுத்த டேக்கில் செருப்புப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கம்பெல்லாம் வஜ்ரவேலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் விழுந்தது. “பிடிங்க அவுகள! விட்றாதீக!” என்று ஒருவர் மரியாதையாக ஆவேசப்பட்டார். வஜ்ரவேலின் தோளிலிருந்து துண்டு நழுவியதும், அவரை அடிக்க ஓடிவந்த ஒரு இளவட்டம் அதைப் பிடித்துத் தூசி தட்டி மறுபடியும் அவர் தோளிலேயே போட்டான்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். பிறகு என்னை முறைத்தார். அந்தப் படத்தில் நான் உதவி இயக்குநர். கூட்டத்துப் பெண்களைத் திரட்டியதும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

இதை இப்போது எழுதும் காரணம்

இந்தப் பக்கத்தில் வாரா வாரம் நான் வேலை பார்த்த படப்பிடிப்புகளைப் பற்றி எழுதிவருகிறேன். இந்த வாரம் வேறு ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டேன்.

வஜ்ரவேல் போன மாதம் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைச் சொந்த ஊருக்கு, நாங்கள் அந்தப் படம் எடுத்த அதே ஊருக்கு, கொண்டுவந்தார்கள். நானும் போயிருந்தேன். மாலை போட வந்த சினிமாக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வில்லனுக்கு யார் மாலை போடுவார்கள்?

வருத்தம், ஏன், ஆத்திரமே வந்தது அதற்குப் பிறகுதான். யாரோ ஒரு பையன் அரைகுறையாகக் கேட்டதை வைத்து அவரைப் பற்றி வீடியோ போட்டிருக்கிறான். ‘பெற்ற தாய் சாவுக்கே போகாத கல்நெஞ்ச வில்லன்! ஊர் நடுவே அறைந்த அக்கா!’ என்று தலைப்பு. அந்தப் படத்திலிருந்து அறை விழும் துண்டுக் காட்சியை வெட்டி ஒட்டி, திரும்பத் திரும்பக் காட்டுகிறான். லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்களாம். கீழே எழுதியிருக்கிற வசவுகளை இங்கே எழுத முடியாது.

அந்த அறை விழுந்தபோது அந்தப் பையன் பிறந்திருக்கமாட்டான். நான் பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். வீடியோவைப் பார்த்துவிட்டு அன்று ரத்த அழுத்த மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டேன்.

வஜ்ரவேலின் அக்கா பேச்சியம்மாள் இன்னும் இருக்கிறார். போன் போட்டு, எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுது ஆத்தா,” என்றார். “நடந்தத நடந்தபடி எழுது. ஊர்ப் பேர மட்டும் போட்றாத. அந்த வீடியோக்காரப் பயலுக வந்து வாசல்ல நின்டுக்குவானுக.”

ஆகவே ஊர்ப் பெயர் இல்லை. மார்க்கையன்கோட்டைப் பக்கம், வாய்க்கால் கரையில் ஒரு ஊர். அவ்வளவு போதும்.

அந்த முகம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் பெருமாள்சாமி. சென்னைக்குப் போன புதிதில் ஒரு தயாரிப்பாளர், “இந்த மூஞ்சிக்கு பெருமாளும் ஆகாது, சாமியும் ஆகாது” என்று சொல்லி வஜ்ரவேல் ஆக்கிவிட்டாராம். அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்படி ஒரு முகம். சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு. மாட்டு வண்டியிலிருந்து விழுந்து இரண்டாகப் பிளந்த இடது புருவம். அந்தப் புருவத்தை மட்டும் தனியாகத் தூக்குவார். தியேட்டரில் குழந்தைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் கடைசியில் செத்துப்போவார். மலையிலிருந்து விழுந்து, தீயில் வெந்து, லாரியில் அடிபட்டு. ஒரு தடவைகூட அவர் சாவுக்கு ஜனம் வருத்தப்பட்டதில்லை. விசிலடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒருமுறை தேனி பஸ் ஸ்டாண்டில் அவரோடு நின்றுகொண்டிருந்தேன். வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் அவரைப் பார்த்ததும் தன் வயசுப் பெண்ணை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சங்கடப்பட்டுப்போன வஜ்ரவேல் அந்த அம்மாளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சிரித்தார். அது இன்னும் மோசமாகிவிட்டது. அவர் சிரிப்புதான் படங்களில் எல்லாவற்றையும்விடப் பயங்கரம்.

ஆனால் படப்பிடிப்பில் பெண்கள் யாரை நம்பினார்கள் என்று கேட்டால், இந்த மனிதரைத்தான். தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கும் காட்சி என்றால், முன்பே அந்த நடிகையிடம் போய்ச் சொல்வார்: “நான் உங்க முடியத் தொடமாட்டேம்மா. கைய மூடி உங்க தலைமேல வச்சுக்கிருவேன். நீங்க எம் மணிக்கட்டக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உங்க வேகத்துக்குப் போங்க. நான் பின்னாலயே வாரேன்.” திரையில் அவர் இழுப்பதாகத் தெரியும். உண்மையில் அந்தப் பெண்தான் அவரை இழுத்துக்கொண்டு போவாள். அந்தக் காலத்துக் கதாநாயகர்களைப் பற்றியும் எழுதலாம். ஆனால் இந்தப் பத்திரிகையை மூட வேண்டியதாகிவிடும்.

அடி வாங்குவதும் அவருக்கு ஒரு வித்தை. எதிராளியின் கை கன்னத்துக்கு வருவதற்கு ஒரு நொடி முன்னால் முகத்தைத் திருப்பிவிடுவார். தோலில் காற்றுதான் படும். “அடிக்கிறவன் பயந்தாத்தான் அடிபடுறவனுக்கு வலிக்கும்” என்று சொல்லி, புதுப் பையன்களின் கையைப் பிடித்துப் பழக்கிக் கொடுப்பார்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. போடி பஜாரில் ஏலக்காய்க் கடை எங்களுடையது. அப்பா சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் ஷூட்டிங் போகிற மகளைப் பெற்றதற்காக அவர் தனியாக ஜெபம் பண்ணினார். கம்பம் பள்ளத்தாக்கின் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று டைரக்டர் தேடியபோது நான் அகப்பட்டேன்.

ஒரு வீட்டைத் தவிர

அந்த ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டேன். பாதிப் பேர் விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒருநாள் ஜீப்பை விட்டுவிட்டு வரச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

வஜ்ரவேல் என்னைக் கூப்பிட்டார். தென்னந்தோப்பில் நாற்காலி போட்டு, மேக்கப்புக்குக் காத்திருந்தார். சென்னையில் சுத்தமான சினிமாத் தமிழ் பேசுகிறவர், அந்த மண்ணை மிதித்ததிலிருந்து ஊர்ப்பேச்சுக்கு மாறியிருந்தார்.

“எல்லா வீட்டுக்கும் போ ஆத்தா. கோயிலுக்குப் பக்கத்துல நீலக் கதவு போட்ட வீட்டுக்கு மட்டும் போகாத.”

“ஏன் சார்? யார் வீடு?”

“எங்கக்கா வீடு.”

பேச்சியம்மாள் அவருக்கு மூத்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாவும் அக்காவும் களை எடுத்தும் நாற்று நட்டும் அவரை வளர்த்தார்கள். அந்த அம்மா இறந்தபோது அவர் எங்கோ தொலைதூரத்தில் ஒரு படத்தின் உச்சக்கட்டக் காட்சியில் இருந்தார். காலையிலேயே கம்பெனிக்குப் போன் வந்துவிட்டது. பெரிய செட்டு, நிறைய ஆட்கள், ஒருநாள் நின்றால் நஷ்டம். யாரும் வஜ்ரவேலிடம் சொல்லக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார்.

“அன்னைக்கு நான் சிரிக்கிற சீனு,” என்றார். “ஒருத்தன் குடும்பத்தையே அழிச்சிட்டுச் சிரிக்கணும். நல்லாச் சிரிச்சேன் ஆத்தா. டைரக்டர் கையத் தட்டுனாரு. பேக்கப் ஆகி மூஞ்சி கழுவினதுக்கப்புறந்தான் மேனேஜர் பக்கத்துல வந்து நின்னாரு.”

கார் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரே மகன் இருந்தும் மருமகன் கொள்ளி வைத்திருந்தார். சாம்பலையும் கரைத்துவிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்கு வருகிறவர்களை ‘வாங்க’ என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். வந்தவரைப் பார்த்ததும் வீட்டுப் பெண்கள் குரலெடுத்து அழுவார்கள். வந்தவரும் சேர்ந்து அழுவார். தாமதமாக வந்தாலும் சரி, அந்த அழுகை உண்டு. அதுதான் துக்கம் கேட்பது. அந்த அழுகை முடிந்தால்தான் அவர் அந்தச் சாவுக்கு வந்தவர். போகும்போதும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. வேதக்காரர்களான எங்கள் வீடுகளிலும் இதே முறைதான். கூட ஒரு ஜெபம், அவ்வளவுதான்.

வஜ்ரவேல் வாசலில் போய் நின்றார். பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒருத்தி அழ வாயெடுத்தாள். பேச்சியம்மாள் கையைக் காட்டி அவளை அடக்கினார். எழுந்து வந்தார்.

“வாங்க,” என்றார். “உக்காருங்க. கலர் குடிக்கிறீகளா?”

‘வாடா’ என்று கூப்பிட்ட வாய் ‘வாங்க’ என்றது. அதைவிட, துக்கம் கேட்க வந்தவனிடம் கலர் சோடா வேண்டுமா என்று கேட்டு விருந்தாளி ஆக்கிவிட்டது. இந்தச் சாவு உன்னுடையது இல்லை என்று சொல்ல அதைவிடக் கொடுமையான வழி எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது.

“உக்காந்தேன். கலரு வந்துச்சு. குடிச்சேன். போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்த வாசல மிதிக்கல.”

“சார், உங்களுக்குத் தெரியாமத்தானே வச்சாங்க! அதைச் சொல்லியிருக்கலாமே?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மேனேஜர் எதிரில் இருந்தால் அடித்திருப்பேன்.

அவர் காலடியில் கிடந்த தென்னை மட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

“தெரிஞ்சிருந்தா மட்டும்? அந்த ஷாட்ட முடிச்சுக் குடுத்துட்டுத்தான் கெளம்பியிருப்பேன். எம் புத்தி எனக்குத் தெரியும். அப்பிடிப்பட்டவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, எனக்குத் தெரியாதுக்கான்னு போய் நிக்கிறது? நீயும் சொல்லாத. சொல்லமாட்டேன்னு சொல்லு.”

தலையை ஆட்டினேன்.

இந்தப் படத்தை அவர் ஒப்புக்கொண்டதே லொக்கேஷன் அந்த ஊர் என்று தெரிந்த பிறகுதான். கார் இருந்தும் தினமும் காலையில் கோயில் தெரு வழியாக நடந்தே வருவார். நீலக் கதவு சாத்தியே இருக்கும். “படம் முடியிறதுக்குள்ள ஒரு தடவ அவ என்னைய அழ விட்டாப் போதும்” என்றார். வேறு எதுவும் அவர் அந்த ஊரில் கேட்கவில்லை.

மறுபடியும் வயல்

டேக் மேல் டேக் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்விடும் என்று கேமராமேன் மலையைக் காட்டிக்காட்டிப் புலம்பினார். வஜ்ரவேலே களத்தில் இறங்கிப் பாடம் நடத்தினார். “மச்சான், இங்கன அடி. நான் திரும்பிக்கிருவேன். உங்கை படாது” என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

“வெளாடாதீக மாமா,” என்று கையை உருவிக்கொண்டான் ஒருவன்.

“நாலு படி நெல்லு கடன்னு வந்து நின்னா ஒங்கம்மா அளந்து குடுத்தாகய்யா எங்களுக்கு,” என்றாள் ஒரு பெண். “ஒம்மேல எப்பிடிக் கைய வைக்க?”

அந்த ஊர்க்காரர்கள் அவர் படம் ஒன்றையும் விட்டதில்லை. சின்னமனூர்த் தியேட்டரில் உட்கார்ந்து அவரைத் திட்டித் தீர்த்தவர்கள்தான். திரையில் வருகிற வஜ்ரவேல் வேறு, வயலில் நிற்கிற பெருமாள்சாமி வேறு என்பதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் எங்களுக்குத்தான்.

கடைசியில் வஜ்ரவேல் பொறுமை இழந்தார். வயலின் நடுவில் நின்று கத்தினார்.

“ஏம்ப்பா, எம்மேல ஒருத்தருக்குமா கோவம் இல்ல? கோவம் இருக்கிறவக ஒருத்தராச்சும் வந்து அடிங்கய்யா!”

எல்லாருடைய தலையும் ஒரே பக்கமாகத் திரும்பியது.

வாய்க்கால் கரையில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். தலையில் புல்லுக்கட்டு. அதுவரை ஒருநாளும் ஷூட்டிங் பக்கம் வராதவர். யார் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அதே புருவம், பிளவுபடாமல்.

பேச்சியம்மாள் புல்லுக்கட்டை இறக்கிக் கரையில் வைத்தார். அரிவாளை அதன்மேல் செருகினார். வரப்பில் நடந்து வந்து வயலில் இறங்கினார். செருப்பைக் கழற்றவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. டைரக்டர் சத்தமில்லாமல் ஒரு விரலைத் தூக்க, கேமரா ஓடத் தொடங்கியது.

நேராகப் போய் ஓங்கி ஒரு அறை. ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார்.

எத்தனையோ பேரிடம் அடி வாங்கிய வஜ்ரவேல், அந்த ஒரு அடிக்கு முகத்தைத் திருப்பவே இல்லை.

“ஏலே, அம்மா மொகத்த மூடவிடாம வச்சிருந்தேன்லே ஒனக்காக! நேரமாச்சு, எடுங்க எடுங்கன்னு ஊரே ஏசுச்சு. எந்தம்பி வந்துருவான், எந்தம்பி வந்துருவான்னு தெருவப் பாத்துக்கிட்டே கெடந்தேன். நீ அங்கன நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தியாம்ல!”

மறுபடியும் ஒரு அடி. தோளில், நெஞ்சில், கிடைத்த இடத்தில். படத்தில் இந்தக் குரலை எடுத்துவிட்டு வயலின் வாசிக்கவைத்தார்கள். வீடியோப் பையனுக்குக் கேட்டது அந்த வயலின்தான்.

“ஆமாக்கா,” என்றார் வஜ்ரவேல். “சிரிச்சேன்க்கா.”

அவ்வளவுதான் சொன்னார். கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுத்த அடிக்கு நின்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வாக்குக் கொடுத்தது, கேமரா ஓடுவது, டைரக்டர் உதட்டில் விரல் வைத்து எச்சரிப்பது எல்லாம் தெரிந்தும் கத்திவிட்டேன். “அம்மா, அவருக்குத் தெரியாதும்மா! அவர்கிட்டச் சொல்லாம மறைச்சிட்டாங்க. எல்லாம் முடிச்சு மூஞ்சி கழுவின பிறகுதான் சொன்னாங்க!” அப்படிக் கத்தியதற்காக இன்றுவரை நான் ஒரு துளியும் வருந்தியதில்லை.

பேச்சியம்மாளின் கை பாதியில் நின்றது. “நெசமாலே?” என்று தம்பியைக் கேட்டார்.

ஒரு ‘ஆமாம்’ போதும். எல்லாம் சரியாகிவிடும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத விடுக்கா. தெரிஞ்சிருந்தாலும் அந்த ஷாட்ட முடிச்சிட்டுத்தான் வந்திருப்பேன்.”

எனக்கு அவர் தலையில் குட்ட வேண்டும் போலிருந்தது. நல்லவன் என்று பெயர் வாங்க அந்த மனிதருக்கு நடிக்கக்கூட வரவில்லை.

பேச்சியம்மாள் அவரையே பார்த்தார். சாய ரத்தம் கண்ணீரில் கரைந்து அவர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. அக்காவின் குரல் இறங்கியது.

“பெறகாச்சும் அழுதியாலே?”

“எங்கன போயி அழுகிறதுக்கா? மெட்ராசுல எங்கம்மாவ யாருக்குத் தெரியும்? ஒன்ட்டத்தான் வந்தேன். நீ வாங்கன்னுட்ட.”

நீலக் கதவு

பேச்சியம்மாள் திரும்பி ஊரைப் பார்த்து நடந்தார். புல்லுக்கட்டு கரையிலேயே கிடந்தது. வஜ்ரவேல் கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் பின்னாலேயே போனார். கிழிந்த வேட்டி, சாய ரத்தம், அரிதாள் குத்திய வெறுங்கால். கேமரா அவர் முதுகைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் படம் அப்படித்தான் முடிகிறது. வில்லனைக் கொல்லாமல் விட்ட புதுமையான முடிவு என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

நானும் ஓடினேன். ஆர்ட்டிஸ்ட் எங்கே போனாலும் பின்னால் போக வேண்டியது என் வேலை. அதைவிட, பேச்சியம்மாள் வாசலில் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கதவு திறந்திருந்தது. பேச்சியம்மாள் உள்ளே போய்க் கூடத்தில் நின்றார். வஜ்ரவேல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அக்கா திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஜெபித்தேன் என்றால் என் அப்பா நம்பியிருக்கமாட்டார்.

பேச்சியம்மாள் அவரை வா என்று சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு குரலெடுத்தார்.

“என்னப் பெத்த மகராசி… நீ பாத்துக் கெடந்த தெருவழியே ஒம்மகன் வந்துட்டானே… கண்ணத் தொறந்து பாக்கலியே…”

வஜ்ரவேல் படி தாண்டி உள்ளே விழுந்தார். ‘அம்மா’ என்று அவர் எழுப்பிய குரலை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. அத்தனை படங்களில் அத்தனை விதமாகக் கத்திய மனிதரிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்து நான் கேட்டதில்லை. அக்காவும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு ஆடி ஆடி அழுதார்கள்.

தெருவில் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுப் பெண் மாவுக்கையோடு வந்து உட்கார்ந்தாள். வயலிலிருந்து என் கூட்டத்துப் பெண்கள் விளக்குமாற்றையும் உலக்கையையும் சுவரில் சாத்திவிட்டு உள்ளே நுழைந்தார்கள். தோளோடு தோள் சேர்த்து வட்டம் கட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். ஆண்கள் எதிர்வீட்டிலிருந்து பெஞ்சைத் தூக்கிவந்து தெருவில் போட்டு, முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார்கள்.

எங்கள் படத்தின் மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “இன்னும் ரெண்டு ஷாட் பாக்கி இருக்கு, வெளிச்சம் போகுது, கூப்பிடும்மா அவரை” என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் நகரவில்லை. உள்ளே போக அவரே படியில் கால் வைத்தார்.

வயலில் செருப்பைக் கழற்றிய அந்தப் பெரியவர் பெஞ்சிலிருந்து எழுந்து குறுக்கே வந்தார். “தம்பி, துக்க வீடு. எழவு கேட்டுக்கிட்டு இருக்கிற ஆள எடையில கூப்பிடப்படாது. அங்கிட்டுப் போயி நில்லுங்க.” குரலை அவர் உயர்த்தவில்லை. மேனேஜர் காலை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் டைரக்டரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார். கோபமாகத்தான் வந்தார். தெருவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த அழுகையைக் கேட்டார். மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

“யாரும்மா இறந்துட்டாங்க?”

“சாரோட அம்மா.”

“அடப்பாவமே. எப்போ?”

“இன்னைக்குத்தான் சார்,” என்றேன்.